மதலேன் அளவு

எங்க அக்கா மதலேன் செத்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் பன்னும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கட்டடத்து வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கி, வேர்வையைத் துடைத்து, ஒரு பன்னை வாங்கிக் காப்பியில் முக்கித் தின்று முடித்துவிட்டு, "தாயி, ஒங்க அக்கா துண்டு தைக்க ஆரம்பிச்சிருக்காம், டாக்டரம்மா ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொன்னாவ" என்று சொன்னார்.

துண்டு என்றால், அக்காவின் இடது மாரில் இருந்த கட்டியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று எடுத்து வைத்த துண்டு. ஒரு மிளகு அளவுகூட இருக்காது. அக்காவைப் பெட்டியில் வைத்து மூடி, மண் போட்டு, சிலுவை நட்டு, எல்லாம் முடிந்த பிறகும் அது மட்டும் கண்ணாடித் தட்டில், ரோஸ் நிறத் தண்ணியில், கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரி இருந்த ஒரு சூட்டுப்பெட்டிக்குள் உயிரோடு இருந்தது.

எங்க தெருவில் யாரும் பெரிசாக ஆச்சரியப்படவில்லை. "அவளால தைக்காம இருக்க முடியுமா" என்றார்கள். "கிறிஸ்மஸுக்கு ரெண்டு மாசந்தான கெடக்கு, அதான் அவசரப்படுதா" என்று ஒருத்தி சொன்னாள். மீதி பன்னை யாரிடமோ கொடுத்துவிட்டு, என் மகள் ஜோவிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

டாக்டர் ஹமீதா காயல்பட்டினத்துக்காரர். சின்ன வயசு. மைக்ராஸ்கோப்பில் இருந்து ஒரு வயர் இழுத்து டிவியில் மாட்டியிருந்தார். டிவியில் பார்த்தேன். குட்டிக் குட்டி உருண்டைகள், எறும்பு வரிசை மாதிரி, ஒன்றின் பின்னால் ஒன்று, ஒரே இடைவெளி விட்டு நடந்து, ஓரத்துக்கு வந்ததும் திரும்பி, ரெண்டு தையல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நின்றன. அந்த ரெண்டு தையல் பின்னால் போகிறது அக்கா கை. எங்க ஊரில் மற்ற டெய்லர்கள் ஒரு தையல்தான் போவார்கள்.

"இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. மாமியார் வீட்டில் என்னை ஊமைக் கோட்டான் என்பார்கள். ஆனால் அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. "எங்க அக்கா" என்றேன்.

டாக்டரம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கும் முன்னாலேயே கடலோடு போனவர். அக்காவுக்கு அப்போது இருபது. பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவள வளத்துட்டு வாரேன்" என்று சொல்லிச் சொல்லியே அவள் கல்யாணம் செய்யாமல் போனாள். துறைமுக ரோட்டுக்குக் கிழக்கே எங்க தெரு முழுக்க அவள் தைத்த ஜாக்கெட்தான். அஞ்சாம் வகுப்போடு நான் நின்று, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைக்கவும் காஜா எடுக்கவும் ஆரம்பித்தேன்.

எங்க பக்கத்துப் பொம்பிளைகள் டேப்புக்கு நிற்க மாட்டார்கள். டெய்லர் பொம்பிளையாகவே இருந்தாலும் கூச்சம். ஒரு பழைய ஜாக்கெட்டை அளவு ஜாக்கெட் என்று பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அது பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்ததாகவும் இருக்கும். ஆள் ரெண்டு பிள்ளை பெற்றிருப்பாள், ஜாக்கெட் மட்டும் கல்யாணப் பொண்ணாகவே வரும். அதனால் அக்கா எல்லாருக்கும், ரெண்டு பக்கமும், உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். "ஒடம்புன்னா ஏறும் எறங்கும், துணி உள்ள கெடந்தா ஆபத்துக்கு ஒதவும்" என்பாள். இறுக்கினால் வீட்டிலேயே ஒரு தையலைப் பிரித்து அடுத்த தையலுக்கு விட்டுக்கொள்ளலாம். எங்க வீட்டுச் சுவரில் ஒரு பெரிய ஆணி, அதில் அந்தத் தெருவின் அளவு ஜாக்கெட்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், காற்றடித்தால் ஊரே சேர்ந்து அசைகிற மாதிரி இருக்கும்.

தனக்கும் அவள் அப்படித்தான் தைத்தாள், தனக்கும் டேப் வைத்ததில்லை. ஒரு கிறிஸ்மஸுக்கு இடது பக்கம் பிடித்தது, ஒரு தையல் பிரித்து விட்டுக்கொண்டாள். ஈஸ்டருக்கு மறுபடி பிடித்தது, இன்னொன்று விட்டாள். மாதா திருவிழாவுக்கு மூன்றாவது தடவை பிடித்தபோது, ஜோவிட்டா என் வயிற்றில் ஏழு மாசம், பேறுகாலத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன், பிளேடு எடுத்து நான்தான் பிரித்தேன். "யக்கா, நீ ஒடம்பு போட்டிருக்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "ஒரு பக்கம் மட்டும் போடுது பாரு" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். கட்டிக்கு நாங்கள் இடம் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஜாக்கெட் இப்போதும் என்னிடம் இருக்கிறது, இடது பக்கம் நாலு கோடு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஊசி ஓட்டைகள் மூடவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. வேறு மருந்து ஏற்றினார்கள், நகம் கறுத்தது. எல்லாம் வேறு யாருக்கோ தைத்ததை இவள் மேல் போட்ட மாதிரி, கழுத்தில் பிடித்தது, தோளில் தொங்கியது, எங்கே பொருந்த வேண்டுமோ அங்கே மட்டும் பொருந்தவில்லை. அப்போதுதான் டாக்டர் ஹமீதா வந்து, ஒரே நோய்க்குப் பெயர் ஒன்றானாலும் ஒவ்வொருத்தர் உடம்பிலும் அது வேறு வேறு ஆள், அதனால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக மருந்து கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி செய்கிறோம், உங்கள் கட்டியில் ஒரு துண்டு தருவீர்களா என்று கேட்டார்.

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "இத்தன வருசமா ஊரு பூரா அளவு ஜாக்கெட் வாங்கித் தச்சிருக்கேன் டாக்டரம்மா" என்றாள். "இத நீங்க அளவு ஜாக்கெட்டா வச்சுக்கிடுங்க. பின்னால வாறவளுக்குச் சரியா தைங்க."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் எழுதினாள். "இதை வைத்து என்ன வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரேயடியாக முடிக்க வேண்டும் என்றால் என் தங்கச்சி தெக்லாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்." ஏன் அப்படி எழுதினாள் என்று அப்போது நான் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

இனி ஊர் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் போனது எங்க தெரு ரோசாரி. சூட்டுப்பெட்டிமேல் தன் அளவு ஜாக்கெட்டை வைத்துவிட்டு வந்தாள், சும்மா ஒரு வேண்டுதல் மாதிரி. மறுநாள் காலையில் தட்டில் அக்காவின் துண்டு, முன்பாகம், பின்பாகம், கை என்று தனித்தனியாக வெட்டுவதற்குக் கோடு போட்ட மாதிரி தைத்து வைத்திருந்தது. டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்து வேறு டெய்லர் தைத்தபோது, ரோசாரிக்கு அது தோல் மாதிரி உட்கார்ந்தது. பிறகுதான் கவனித்தார்கள், துண்டு எடுத்தது அந்தப் பழைய ஜாக்கெட்டின் அளவு இல்லை, அன்றைக்கு அந்த ஜாக்கெட்காரியின் உடம்பு என்னவோ அந்த அளவு. ஒருத்திக்கு மூன்று மாசம் என்பது அவள் புருசனுக்குத் தெரியும் முன்னே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்துபோய்விட்டது. திருச்சியில் ஹாஸ்டலில் படித்த மகளின் ஜாக்கெட்டை ஒருத்தி கொண்டுவந்து வைத்து, மறுநாள் காகிதத்தைப் பார்த்து, "எம் பிள்ள சாப்பிடவே இல்லியே" என்று அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை மட்டும்தான் வர வேண்டும் என்று டாக்டரம்மா சட்டம் போட்டார். சுடலைமுத்து அண்ணாச்சி அட்டையை வெட்டி டோக்கன் எழுதிக் கொடுத்தார். "யம்மா, தள்ளி நில்லுங்க, இது என்ன ரேசன் கடையா? ஒங்க கழுத்து வளைவு இன்னைக்கு ஒரு நாள்ல ஓடியா போயிரும்?" என்று அவர் போடுகிற சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். கோயில் சாமியாரிடம் போய், இது சரியா என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செத்தவங்க வேலை செய்யக் கூடாதுன்னு வேதத்துல நான் எங்கயும் படிக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை செய்யச் சொல்லாதீங்க" என்றார். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறது என்றார்.

நான் தினமும் போனேன். வீட்டுக்காரர் உப்பு லோடுக்குப் போன பிறகு, ஜோவிட்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய், சூட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். யாரிடமும் பேசாத நான் அங்கே பேசினேன். ஜோவிட்டாவுக்குப் பல் முளைத்தது, மாமியார் சொன்னது, சாளை மீன் மலிந்தது, எல்லாம் சொன்னேன். நான் பேசும்போது தையல் கொஞ்சம் மெதுவாகும். அக்காவும் அப்படித்தான், நான் ஏதாவது சொன்னால் மெஷினில் காலை நிறுத்திவிட்டுக் கேட்பாள். என் ஜாக்கெட்டை மட்டும் நான் அங்கே வைக்கவில்லை. அம்மா எதனால் போனாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்கவும் பயம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமை வரிசையில் நின்ற பைகளை எனக்குத் தெரியும். அக்காவுக்கு முடி கொட்டினபோது அதே பைகள்தான் எங்க வீட்டிலிருந்து திரும்பிப் போயின. முதலில் வந்தது எதிர்வீட்டுப் பிரகாசி மைனி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அளவு ஜாக்கெட்டக் குடு மதலேன், கொஞ்ச நாளைக்கு வேற ஆள்ட்ட குடுக்கேன். ஒட்டிக்கிடுமோ என்னமோ, வீட்ல பிள்ளைய இருக்கு" என்றாள். அக்கா ஆணியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள். மைனியைப் பார்த்து அந்த வாரமே பதினொரு வீட்டில் வாங்கிப் போனார்கள். அதன்பிறகு ஆணி மட்டும் சுவரில் இருந்தது. சாகிற வரைக்கும் கட்டிலில் படுத்து அந்த ஆணியைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் திருநாள் கழிந்து வந்த ஒரு வியாழக்கிழமை, வரிசையெல்லாம் கலைந்த பிறகு, பிரகாசி மைனி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். "டோக்கன் இல்லாம யாரும் உள்ள போவக் கூடாது" என்றார் அண்ணாச்சி. "நான் சும்மா பாத்துட்டுப் போவதுக்குத்தான் வந்தேன்" என்றாள், கையில் பையை மறைத்துக்கொண்டு. நான் ஜோவிட்டாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைனி என்னைப் பார்க்காமல் வந்து, பெட்டிமேல் ஜாக்கெட்டை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

மறுநாள் டிவியில் வந்தது டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. வலது பக்கம் ஒரே கோடு, சுத்தமாக. இடது பக்கம் மூன்று கோடு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பிரித்த தையலின் ஓட்டைகளோடு. "இது தப்பா தைச்சிருக்கா?" என்று கேட்டார். அக்கா ஜாக்கெட்டில் நாலு கோடு. இதில் மூன்று. இன்னும் ஒரு கோட்டுக்கு நேரம் இருக்கிறது.

நான் ஓடினேன். மைனி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மைனி, ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"ஏன், அளவு கூடிட்டாமா?"

"இடது பக்கம்..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. என் மாரில் கையை வைத்துக் காட்டினேன்.

மைனி கத்தியைக் கீழே வைத்தாள். முகம் கறுத்தது. "ஏட்டி, வாயக் கழுவு. செத்தும் பழி வாங்குதாளோ ஒங்க அக்கா?"

"அக்காவுக்கு அளவுதான் எடுக்கத் தெரியும் மைனி."

மூன்றாம் நாள் அவளாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பார்த்தார்கள். இருந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எப்போதும் நோட்டைப் பார்த்துப் பேசுகிறவர் அன்றைக்கு என்னைப் பார்த்துப் பேசினார். "தெக்லா, இவங்களுக்கு வந்திருக்கிறதும் உங்க அக்காவுக்கு வந்ததும் ஒரே அச்சு. அக்காவுக்குக் கேட்காத மருந்து இவங்களுக்கும் கேட்காது. புதுசா மூணு மருந்து இருக்கு. ஒவ்வொண்ணா இவங்க உடம்புல ஏத்திப் பார்க்க நேரம் போதாது. இவங்க துண்டை எடுத்துத் தட்டுல வச்சேன், ரெண்டு நாள்கூட நிக்கல. உங்க அக்காவோடதுதான் நிக்குது. அதுல போட்டுப் பார்த்தா எது சரின்னு தெரிஞ்சிரும்."

"போட்டா அதுக்கு என்ன ஆவும்?"

"சரியான மருந்தா இருந்தா... செத்துப்போகும்."

"பாதிய வெட்டி வச்சுக்கிட்டு மீதில போடக் கூடாதா?"

"வெட்டிப் பார்த்தேன்மா. நடுவுல தையல் போட்டு ஒட்டிக்கிடுது."

படிவத்தை என் முன்னால் வைத்தார். ஓரத்தில் அக்காவின் எழுத்து. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்க அக்காவைத் தின்றது அது. அவள் எலும்பில் ஏறி, ஈரலில் ஏறி, கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் செய்தது அது. அதைக் காலில் போட்டு மிதிக்க வேண்டும். ஆனால் அவள் கண் மண்ணுக்குள் போய்விட்டது, கை போய்விட்டது, என் தலையில் எண்ணெய் தேய்த்த விரல் போய்விட்டது, இந்த உலகத்தில் அக்காவாக இன்னும் சூடாக இருக்கிறது அந்த ஒரு மிளகுதான். கொன்றதும் அது, மிச்சமும் அது. நான் பேசினால் அது மெதுவாகிறது. அதைக் கொல்லச் சொல்லி நான் எப்படி என் பெயரை எழுதுவேன்? அதுவும் யாருக்காக? வாசலில் நின்று மூக்கைப் பொத்தினவளுக்காகவா?

ஒரு வாரம் போகவில்லை. ஊரே என் வீட்டுக்கு வந்தது. ரோசாரி வந்தாள், அவள் மாமியார் வந்தாள், ஆணியிலிருந்து ஜாக்கெட் எடுத்துப்போன பதினொரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கையெழுத்துப் போட்றாத தெக்லா, அவ நம்ம பிள்ள, அவள எப்படி சாவடிக்க" என்றார்கள். "பிரகாசிக்கு வேற பெரிய ஆஸ்பத்திரி இல்லியா, மதுரைக்குப் போவட்டும்" என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் பாசமே வந்துவிட்டது. அப்போது ரோசாரி மாமியார் எழுந்து சேலையை உதறிக்கொண்டே, "எதுவும் கிறிஸ்மஸ் முடியட்டும் பிள்ளே, இன்னும் நாப்பது ஜாக்கெட் அளவெடுக்கக் கெடக்கு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் நினைத்ததும் அவர்கள் நினைத்ததும் ஒன்றுதான், இருக்கட்டும், நமக்கு வேண்டும் என்பதுதான். என் ஆசையை அவர்கள் வாயிலிருந்து கேட்ட பிறகு, அவர்கள் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் பிரகாசி மைனி வந்தாள். வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, அக்காவின் மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அக்கா போன பிறகு அந்த வீட்டுக்குத்தான் நாங்கள் குடிவந்திருந்தோம். கொஞ்ச நேரம் ஜோவிட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காவக் கையெழுத்துப் போடுன்னு கேக்க வரல" என்றாள். "அத என்னால கேக்க முடியாது. கேக்க எனக்கு மொகம் இல்ல."

நான் ஜோவிட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினாள். "ரெண்டு தடவ பிரிச்சு விட்டேன். யாருக்கும் தெரியாது. எம் புருசனுக்கும் தெரியாது. கை வச்சா கட்டி தட்டுது, ஆனா ஜாக்கெட்டு ஏறிட்டு பாத்துக்கோ, ஜாக்கெட்டு ஏறிட்டா ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்." விரலால் அந்தத் துணியைத் தடவினாள். "ஒங்க அக்கா விட்ட துணி. வேற டெய்லர்ட்ட குடுத்தேன்லா, அந்தப் பயலுவ அரை விரல்கூட விட மாட்டானுவ. அதனால பழசையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். ஒங்க அக்கா மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனமா தச்சிருந்தா நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் பிள்ளே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மெஷின் மிதிபலகையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிரு மதலேன்" என்று மெஷினிடம் சொன்னாள். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்து, அந்த ஜாக்கெட்டைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டாள். "இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பூரா அந்த ஒற்றை ஜாக்கெட் ஆணியில் அசைந்துகொண்டிருந்தது. நான் சோறு பொங்கினேன், பார்த்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டினேன், பார்த்தேன். அக்கா இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். எதிரிக்குத் தைத்தாலும் கழுத்தைச் சரியாகத்தான் வெட்டுவாள். பின்னால் வருகிறவளுக்குச் சரியாகத் தைங்க என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லும்போது நல்லவளுக்கு மட்டும் என்று அவள் சொல்லவில்லை.

நான் போய், தெக்லா என்று எழுதிக் கொடுத்தேன். "ஆனா ஊத்துறது நான்தான் ஊத்துவேன் டாக்டரம்மா" என்றேன். கடைசி நாட்களில் அவளுக்குக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக நான்தான் ஊற்றினேன், இதையும் வேறு யாரும் ஊற்ற வேண்டாம். டாக்டரம்மா யோசித்துவிட்டு, எனக்குக் கையுறை மாட்டிவிட்டு, சொட்டு விடுகிற குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

முதல் மருந்தை ஊற்றினோம். துண்டு அதைக் கண்டுகொள்ளாமல் தைத்துக்கொண்டே போனது. மூன்று நாள் விட்டு ரெண்டாவதை ஊற்றினோம். ஒரு நாள் பூரா நின்றது. மறுநாள் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்த மாதிரி மறுபடி தைத்தது. நான் சந்தோசப்பட்டேன், பிறகு எதிர்வீட்டு நினைப்பு வந்து வெட்கப்பட்டேன்.

மூன்றாவது மருந்து ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு வரிசை இல்லை, கதவை அடைத்திருந்தார்கள். நான் ஒரு பையில் என் ஜாக்கெட்டைக் கொண்டுபோயிருந்தேன், பால் கறை படிந்தது, துவைத்தும் போகாதது. அதைப் பெட்டிமேல் வைத்தேன். "யக்கா, எனக்கும் பாரு" என்றேன். என் பயத்தையெல்லாம் அதோடு வைத்தேன். பிறகு ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று ஊற்றினேன்.

ராத்திரி முழுக்க எடுக்கிற வேலையை அன்றைக்கு அது என் கண்ணுக்கு முன்னாலேயே எடுத்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அக்கா தைப்பாளே, தலை நிமிராமல், சாப்பிடாமல், வாசலில் நிற்கிறவர்களுக்கு ம் கொட்டிக்கொண்டே, மெஷின் புகையாத குறையாக, அந்த மாதிரி ஓடியது. முன்பாகம் வந்தது. பின்பாகம் வந்தது. "மருந்து வேலை செய்யுது தெக்லா" என்றார் டாக்டரம்மா. ஓரத்தில் உருண்டைகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வந்தன, நடுவில் இருந்தவை அதைப் பார்க்காமல் ஓடின. ஒரு கை வந்தது. இன்னொரு கை வந்தது. கடைசிக் கோடு ஓரம் வரைக்கும் வந்து, ரெண்டு தையல் பின்னால் போய், முன்னால் வந்து நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள் அக்கா, கத்தரிக்கோல் மடியிலேயே இருந்தாலும் பல்லால்தான் அறுப்பாள். அந்தக் கோட்டின் நுனி சடாரென்று அறுந்தது. பிறகு எல்லாம், தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி, ஓசைப்படாமல் கரைந்தது.

ஜோவிட்டா அழுதாள். எனக்குப் பால் சுரந்து மார் நனைந்தது. டாக்டரம்மா எழுந்துபோய்ச் சூட்டுப்பெட்டியின் சுவிட்சை அணைத்தார், அப்போதுதான் அந்தப் பெட்டிக்கு ஒரு ரீங்காரம் இருந்தது என்று தெரிந்தது. இத்தனை நாளும் அதன்மேல்தான் நான் பேசியிருக்கிறேன்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்க தெருவில் எல்லாரும் போன வருஷத்து ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் பிடித்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. ரோசாரி மாமியார் மட்டும் என்னோடு மூன்று மாசம் பேசவில்லை. பிரகாசி மைனிக்கு அந்த மூன்றாவது மருந்தை ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், ஈஸ்டருக்குக் கட்டி பாதியானது, மாதா திருவிழாவுக்குத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா அந்த மருந்து விவரமெல்லாம் எழுதி வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிறார். அந்தக் காகிதங்களின் தலைப்பில் "மதலேன் அளவு" என்று போட்டிருக்கிறார். எங்கேயோ முகம் தெரியாத ஒருத்திக்கு அந்த அளவில் மருந்து தைக்கிறார்கள், அவளுக்கு எங்க அக்கா யாரென்று தெரியாது.

மைனி நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய், அக்கா குழியைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். "ஒங்க அக்காவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு கையால் மண்ணை அணைத்தாள். முடி இப்போது காதுவரைக்கும் வளர்ந்திருந்தது, பொடிப்பையன் மாதிரி. நான் மெழுகுதிரி ஏற்றினேன். மைனி பிழைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம், இந்த மருந்து ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் இங்கே குனிந்து நிமிர்கிறது யாராக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. இப்போதும் சில காலைகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டடம் வரைக்கும் நடந்துவிடுகிறேன். சுடலைமுத்து அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை எடுத்துப் போடுவார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அன்றைக்குத் துண்டு கரையும் முன்னே டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த என் அளவுக் காகிதத்தை ரொம்ப நாள் பிரிக்கவில்லை. வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். போன மாசம் பிரித்துத் தரையில் விரித்தேன். முன்பாகம் பார்த்தேன், இடது, வலது, ரெண்டும் ஒரே கோடு, சுத்தமாக. கண்ணீர் வந்து, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எங்கேயோ ஒரு குறை இருப்பது மாதிரி பட்டது. விரலை வைத்து அளந்தேன். பக்கத் தையலுக்கு வெளியே எப்போதும் அக்கா விடுகிற ரெண்டு விரல் துணி இல்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், இல்லை. அத்தனை அவசரத்திலும் கழுத்துக்கு வளைவு மறக்காதவள், காஜாவுக்குப் புள்ளி மறக்காதவள், இதை மறக்க மாட்டாள்.

அக்கா மெஷினில் நானே உட்கார்ந்து தைத்தேன். கொக்கி மட்டும் வைத்துப் பழகிய கை, ரெண்டு நாள் ஆனது. இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். மூச்சு விட்டால் தெரிகிறது. ஜோவிட்டாவைத் தூக்கினால் தெரிகிறது. கொஞ்சம் பிடித்தாலும் டாக்டரம்மாவிடம் போய் நின்றுதான் ஆக வேண்டும், பிரித்து விட உள்ளே துணி இல்லை.